பொம்மை அக்காவின் ஏலம்

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் றுஷ்தா போன் எடுத்தாள். "வந்திட்டுது. ஒரு கீறல் கூட இல்லை. பின்னேரம் வா."

ஸ்கான் சென்ரரில் கடைசி ஆளுக்கு முதுகெலும்பு எக்ஸ்றே எடுத்து முடிய ஐந்தே கால். அதற்குப் பிறகு ஸ்கூட்டியில் யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஓடினேன். றுஷ்தாவும் தம்பியும் நடத்தும் போன் கடையின் பின்னறை மேசையில் அது இருந்தது. 'சோல்ட் வோர்டன்' வீடியோ கேமின் மூன்றாம் பாகம், கலெக்டர்ஸ் எடிசன். அவளுடைய மாமா துபாயில் இருந்து ஆள் மூலம் அனுப்பினது. உள்ளே விளையாட்டுத் தட்டு, தகரப் பேழை, துணியில் அச்சடித்த வரைபடம், தடித்த படப்புத்தகம், பதினாலு அங்குல உயரத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிற காவல்காரியின் சிலை. பெட்டியின் அடியில் இலக்கம் 3117.

விளையாட்டை மட்டும் வாங்கினால் இருபத்திரண்டாயிரம். இப்படிப் பெட்டியோடு வாங்கினால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். "விளையாட்டு ரெண்டிலயும் ஒண்டு தான். மிச்சத் தொண்ணூறாயிரத்துக்கு என்னத்தையடி வாங்கிறாய்?" என்று றுஷ்தா ஒவ்வொரு முறையும் கேட்பாள். கேட்டுக் கேட்டே எனக்கு ஏழு பெட்டி விற்றுவிட்டாள்.

என்னத்தை வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொன்னதில்லை. மல்லாகத்து அகதி முகாமில் நாங்கள் இருந்த காலத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் யாரோ பிரித்துப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டி அனுப்பினது. கனடாப் பெரியம்மாவின் பார்சல் கூட மூன்று வீட்டில் திறந்து மூடித்தான் எங்களிடம் வரும். சட்டையில் முன்பின் தெரியாத ஒருத்தியின் பௌடர் மணக்கும். எனக்கு முதல் ஒருவரும் கைவைக்காத பெட்டி ஒன்றை என் சொந்தச் சம்பளத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அந்தத் தொண்ணூறாயிரம். பிழையென்றால் பிழையாகவே இருக்கட்டும்.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். "இன்னுமொண்டோ? ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வருகினம். ஹோலில இருக்கிறதுகளைத் தூக்கி அறைக்குள்ள வை, பிள்ளை."

வைக்கமாட்டேன் என்று சொன்னேன். வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தார்கள். காங்கேசன்துறைப் பக்கத்து ஆட்கள். தகப்பன் நடராசா, ஹாட்வெயார் கடை முதலாளி. தாய் சிவக்கொழுந்து, இருமிக்கொண்டே இருந்தார். பெடியன் கோபிசங்கர், முப்பத்து மூன்று வயது, இன்சூரன்ஸ் வேலை. மிச்ச நேரத்தில் 'காசைக் காப்போம்' என்று ஒரு யூரியூப் சனல் வைத்திருக்கிறாராம். நான் பார்த்ததில்லை.

தேத்தண்ணித் தட்டோடு ஹோலுக்கு வந்தேன். ஆள் என்னைப் பார்க்கவில்லை. சுவர் அலுமாரிக்கு முன்னால் நின்று என் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வோர்டன் மூண்டோ? இஞ்ச இன்னும் ஒருத்தரிட்டையும் இது இல்லையே."

இதற்கு முதல் என்னைப் பார்க்க வந்த மூன்று பேரும் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தார்கள். இவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. "இன்னும் உடைக்கேல்லையோ?" என்று கேட்டார். ஒரு ஆசையோடு கேட்டமாதிரி இருந்தது.

நான் குசினிக்குள் போய் மரக்கறிக் கத்தியை எடுத்துவந்து அந்த ஆளுக்கு முன்னாலேயே பெட்டியின் சீல் உறையை வெட்டினேன். என் கையாலேயே. சிலையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். நல்ல கவனமாகப் பிடித்தார். "ஞாபகத்துக்கு ரெண்டு படம் எடுக்கட்டோ?" என்றார். எடுங்கோ என்றேன்.

அவர்கள் போன பிறகு அம்மா அப்பாவின் படத்துக்கு விளக்குக் கொளுத்தினார். சந்தோசம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

ஜூன் 16

சீல் உறையை வெட்டினதற்கு எனக்குக் கவலையில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

தரகர் போன் எடுத்தார். சாதகம் பொருந்தவில்லையாம்.

சாதகம் பார்த்துப் பொருந்தின பிறகுதானே பெண் பார்க்க வந்தார்கள்? பொய் சொல்வதென்றாலும் ஒரு ஒழுங்காகச் சொல்லத் தெரியாத சனம்.

ஜூன் 25, புதன்

றுஷ்தா ஒரு வீடியோ அனுப்பினாள். கீழே, "இருந்து கொண்டு பார். நிண்டு பார்க்காதை" என்று எழுதியிருந்தாள்.

'ஒரு பொம்மைக்கு ஒரு லட்சம் குடுத்த அக்கா.' கோபிசங்கரின் 'காசைக் காப்போம்' சனலில் அதுதான் தலைப்பு. பதினான்கு நிமிடம். படம் எடுப்பதாகச் சொல்லி வீடியோ எடுத்து, என் முகத்தை மறைத்துவிட்டு என் வீட்டை முழுக்கக் காட்டியிருக்கிறான். எங்கள் கதிரை, எங்கள் மணிக்கூடு, அம்மா பின்னின மேசைவிரிப்பு. தெல்லிப்பழையில் எங்கள் வீட்டுப் படி ஏறின எவருக்கும் இது யாருடைய ஹோல் என்று தெரியும். அக்காவாம். என்னைவிட அவன் மூன்று வயது மூப்பு.

தகரப் பேழைக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, பிளாஸ்ரிக் சிலைக்கு இவ்வளவு என்று கூட்டி, "எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பெறாது. உந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலெண்டாலும் குடிச்சிருக்கலாம்" என்கிறான். பிறகு போனைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்புகிறான். அப்பாவின் படம். மாலை போட்ட படம். அதில் நிறுத்தி, "இதுவும் லிமிட்டட் எடிசனோ தெரியேல்ல" என்று சிரிக்கிறான்.

என்ரை அப்பாவை.

அறுபத்திரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நானும் நான்கு தரம் பார்த்தேன். கட்டையில போவான். என்ரை வீட்டில எங்கடை வடையைத் திண்டு, என்ரை கையால வெட்டின பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு — என்ன முகத்தோடையடா கதைச்சனீ? உனக்கு நான் என்னடா செய்தனான்?

அம்மாவிடம் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை.

ஜூன் 26

எக்ஸ்றே மேசையில் படுத்திருந்த ஒரு மனுசி இடுப்பு முறிவின் நோவோடு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டா: "பிள்ளை, நீர் தானே அந்தப் பொம்மை அக்கா?"

ஜூன் 29, ஞாயிறு

அம்மா தவணை சொல்லிவிட்டார். ஆடி போய் ஆவணி பிறந்ததும் ஒரு கனடாச் சம்பந்தம் வருகிறதாம். அதற்கு முதல் ஹோலில் ஒரு பெட்டியும் இருக்கக் கூடாது.

"வித்தா வில். இல்லையெண்டா நான் ஆருக்கும் தூக்கிக் குடுத்துப் போடுவன். கோயில்ல என்னைப் பார்த்துச் சனம் வாயைப் பொத்திச் சிரிக்குது."

"அவன் செய்ததுக்கு நான் ஏன் விக்கோணும்?"

"அவன் போயிட்டான். நீ தான் வீட்டில இருக்கிறாய்."

எங்கள் மேற்குப் பக்கக் காணியில் இரண்டு பரப்பு விற்ற காசு ஆறு லட்சம், என் சீதனத்துக்கென்று அம்மா பெயரிலும் என் பெயரிலும் வங்கியில் கிடக்கிறது. அந்தக் காசும் நானும் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டால்தான் தனக்கு நித்திரை வருமாம்.

அவனை ஏதாவது ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "தெய்வம் நிண்டு கொல்லும்" என்று மட்டும் சொன்னார். நிற்கிற தெய்வத்துக்கு நேரம் இருக்கலாம். எனக்கு ஆவணி வரைதான்.

ஜூலை 2

பெட்டிகள் விற்பனைக்கு என்று றுஷ்தா பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். கிளிநொச்சியில் இருந்து ஒருவன் வந்து ஏழு பெட்டியையும் புரட்டிப் பார்த்தான். பழைய ஆறுக்கும் நல்ல விலைதான் சொன்னான். வோர்டனுக்கு நாற்பதாயிரமாம். "சீல் இருந்திருந்தா ஒண்டரை லட்சத்துக்கும் எடுத்திருப்பன் அக்கா. ஆர் உடைச்சது?"

எந்தப் பேயனுக்காக உடைத்தேன் என்று அவனுக்குச் சொல்ல முடியுமா? ஒன்றையும் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

பழி வாங்குவதில் நான் இவ்வளவு மொக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. கள்ளப் பெயரில் மூன்று கணக்குத் திறந்து வீடியோவின் கீழே எழுதினேன். மூன்றுக்கும் அவன் சிரிக்கிற படம் போட்டுப் பதில் எழுதினான். யூரியூப்புக்கு முறைப்பாடு செய்தேன். முகம் தெரியவில்லை, பிழை இல்லை என்று பதில் வந்தது. வீட்டுக்கே போய் நான்கு கேள்வி கேட்டால் என்ன என்று யோசித்தேன். அதையும் எடுத்து வீடியோ போடுவான்.

"விட்டுத்தள்ளு" என்கிறாள் றுஷ்தா. "விட்டுத்தள்ளவோ? உன்ரை வாப்பாவின்ரை படத்தைக் காட்டிச் சிரிச்சா விடுவியோ?" என்று கேட்டேன். திருத்திக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு, "விடமாட்டன் தான்" என்றாள்.

ஆளை ஒரு கூட்டத்துக்கு நடுவில், தன் வாயால் சொன்ன பேச்சே தன் கழுத்தைப் பிடிக்க நிற்கவைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. வேண்டும்.

ஜூலை 9, புதன்

இன்றைக்குக் கடவுளே ஒரு நோயாளியை என்னிடம் அனுப்பினார்.

துண்டில் பெயரைப் பார்த்தேன்: சிவக்கொழுந்து நடராசா. அவனுடைய தாய். நெஞ்சு எக்ஸ்றே. முகமூடியை மேலே இழுத்து, பெயர் அட்டையைத் திருப்பிப் போட்டேன். மனுசிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

தட்டில் நெஞ்சை அணைத்து நிற்க வைத்தேன். "அம்மா, மூச்சை நல்லாய் இழுங்கோ. பிடியுங்கோ. விடாதையுங்கோ." உள்ளே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஐந்துக்குள் முடிகிற வேலை. இருபத்து மூன்று வரை எண்ணினேன். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "சரி, விடுங்கோ." மனுசி இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினா. "கொஞ்சம் அசைஞ்சிட்டியள் அம்மா, இன்னொருக்கா" என்றேன். இரண்டாம் தரம் பத்தொன்பது. படம் எடுத்தது ஒன்றுதான். என் தொழிலில் நான் பிழை விடுவதில்லை.

பிறகு கதிரையில் இருத்தித் தண்ணி கொடுத்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நிறையச் சந்தோசமாகவும் இருந்தது.

தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னா: "இருமல் கெதியாய் மாறோணும் பிள்ளை. இருபத்தி மூண்டாம் திகதி மாம்பழத் திருவிழா. எங்கடை உபயம். சாமிக்குப் படைச்ச மாம்பழத்தை ஏலத்தில எடுக்கிறதும் நாங்கள் தான். பதினொரு வருசமாய் வேற ஆக்களுக்கு விட்டதில்லை."

"எவ்வளவுக்கு அம்மா எடுப்பியள்?" என்று கேட்டேன்.

"போன வருசம் ஒண்டு எண்பத்தஞ்சு. அது காசில்லை பிள்ளை, மரியாதை."

ஜூலை 10

ஒரு மாம்பழம். கறுத்தக்கொழும்பான், சந்தையில் நூற்றைம்பது ரூபாய். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். பெட்டி இல்லை, இலக்கம் இல்லை, மூன்று நாளில் அழுகிவிடும். அது மரியாதை. என்னுடையது விசர்.

தேடிப் பார்த்தேன். போன வருசத்து ஏலத்தை அவனே எடுத்துத் தன் முகநூலில் போட்டிருக்கிறான். தகப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்துகிறார்கள், அவன் கைதட்டுகிறான். சிக்கனம் கதைக்கத் தொடங்கினது இந்தத் தை மாதத்தில் இருந்துதான்.

வழி பிடிபட்டது. நானும் போய் ஏலம் கேட்பேன். நான் கேட்கக் கேட்க நடராசா விடமாட்டார், ஏற்றிக்கொண்டே போவார். அவர் இரண்டரை லட்சம் என்றதும் நான் நின்றுவிடுவேன். 'காசைக் காப்போம்' வீட்டில் ஒரு மாம்பழத்துக்கு இரண்டரை லட்சம் கொடுத்ததை நான் எடுத்துப் போடுவேன். தலைப்புக் கூட எழுதி வைத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

றுஷ்தாவுக்குச் சொன்னேன். "அவங்க இடையில விட்டுட்டாங்கண்டா? மாம்பழம் உன் தலையில தான் விழும். சாமிப் பொருளுக்குக் கேட்ட விலையை உங்கட ஆக்கள் திருப்பி எடுக்க மாட்டாங்க தானே?"

எடுக்க முடியாது. கேட்டது கேட்டதுதான். ஆனால் நடராசா விடமாட்டார். எனக்குத் தெரியும்.

ஸ்கான் அறைக்கதவைச் சாத்திவிட்டு "ஒண்டே கால், ஒண்டு எழுபத்தஞ்சு, ரெண்டேகால்" என்று சொல்லிப் பழகினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கோயில் என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நானும் வாறன்" என்றார்.

ஜூலை 23, புதன்

எழுத உட்கார்ந்து நிறைய நேரமாகிறது. எங்கே தொடங்குவது?

பூசை முடிந்து மாம்பழத்தைப் பட்டு விரித்த தட்டில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏலம் கூறுகிறவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவன் வேட்டி, வெறும் மேல், கழுத்தில் சங்கிலி, கையில் போன். சனலில் லைவ் போட்டுக்கொண்டு நின்றான்.

ஐம்பதாயிரத்தில் தொடங்கியது. நடராசா எழுபத்தைந்து என்றார். இரண்டு பேர் ஒரு மரியாதைக்குக் கேட்டு ஒரு லட்சத்தோடு நின்றார்கள். அது யாருக்குப் போகிற மாம்பழம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு லட்சத்து இருபத்தஞ்சு" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் இருந்து ஏலம் கேட்பது அங்கே வழக்கமில்லைப் போல. நடராசா யாரென்று பார்க்காமலே "ஒண்டரை" என்றார். ஆனால் அவன் பார்த்துவிட்டான். போனை என் பக்கம் திருப்பினான்.

"பாருங்கோ மக்களே, எங்கடை பொம்மை அக்கா. மாம்பழமும் வாங்க வந்திட்டா."

பக்கத்தில் நின்ற பெடியள் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் நின்றவர்களும். எனக்குச் சொல்ல வேண்டிய விலை தெரியும், வாயும் திறந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அத்தனை நாள் பழகினது எங்கே போனது? "ஒருதரம்" என்றார் ஏலக்காரர். நான் கீழே பார்த்தேன். "ரெண்டுதரம்."

"ரெண்டு லட்சம்."

எனக்குப் பின்னால் இருந்து வந்தது. அம்மா எழுந்து நின்றார். சுன்னாகம் சந்தையில் கீரைப்பிடிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணித்தியாலம் நிற்கிற அம்மா.

நடராசா இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "ரெண்டேகால்."

"மூண்டு."

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, என்ன விசரே? இருங்கோ."

"கையை விடு, பிள்ளை."

"மூண்டேகால்" என்றார் நடராசா. குரலில் ஒரு கோபம் ஏறியிருந்தது.

"நாலு" என்றார் அம்மா. மரக்கறி விலை சொல்வதைப் போலச் சொன்னார்.

நடராசா வாயைத் திறந்தார். அந்த நேரம் அவன் தகப்பனின் சால்வையைப் பிடித்தான்.

"அப்பா, காணும்."

"விடடா."

"அப்பா, லைவ் போகுது. சனம் கேக்குது."

"என்னத்தைக் கேக்குது?"

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் இது எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. என்ன கேட்டார்கள் என்று றுஷ்தா பிறகு சொன்னாள். கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். 'சிக்கன அண்ணை, மாம்பழத்துக்கு நாலு லட்சமோ?' 'மாடு வாங்கேல்லையோ அண்ணை?' வரிசையாக வந்து விழுந்ததாம். அதில் ஒன்றிரண்டைத் தானே எழுதியதாகவும் ஒத்துக்கொண்டாள்.

"எங்கடை திருவிழாடா" என்றார் நடராசா.

"மாம்பழம் அப்பா. ஒரு மாம்பழம்."

தகப்பன் மகனைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஏலக்காரர் மற்ற ஆட்களுக்குக் காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தார். "ஒருதரம். நடராசாண்ணை... ரெண்டுதரம். அண்ணை..." மனுசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மூண்டுதரம்."

பட்டுச் சால்வையை அம்மாவுக்குப் போர்த்தினார்கள்.

மாம்பழத்தைக் குருக்கள் வெட்டித் தந்தார். எடுத்தவர் முதல் துண்டை அன்றைய உபயகாரருக்குக் கொடுக்க வேண்டும். அது அந்தக் கோயிலின் முறையாம். பதினொரு வருசமாக உபயகாரரும் எடுத்தவரும் ஒரே ஆளாக இருந்தபடியால் அது யாருக்கும் நினைவில்லை. குருக்கள்தான் ஞாபகப்படுத்தினார். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே நடராசாவிடம் போனார். நான் பின்னால் போனேன். சாமிப் பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

"உவன் செய்தது எனக்குத் தெரியாது, தங்கச்சி. பிறகு தான் கேள்விப்பட்டனான்."

"இப்ப தெரியும் தானே அண்ணை" என்றார் அம்மா.

பிறகு அவனிடம் தட்டை நீட்டினார். போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகிவிட்டுக் கையை நீட்டினான்.

"தம்பி, இந்த மாம்பழம் சந்தையில நூற்றைம்பது ரூவா. அதையும் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ. மிச்சம் என்னத்துக்கு எண்டும் சொல்லுங்கோ. சொல்லத் தெரியாட்டி அப்பாவைக் கேளுங்கோ."

அவன் தின்றான். எங்கள் முன்னால் நின்று, கண்ணை நிமிர்த்தாமல், மென்று விழுங்கினான். பக்கத்தில் சிவக்கொழுந்து இருமவும் இல்லை.

நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இந்த ஒரு மாதம் வயிற்றில் கிடந்த கல் அந்தத் துண்டு அவன் தொண்டையால் இறங்கும்போது கரைந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் நாலு லட்சம் என்று நினைவு வந்தது.

ஜூலை 24, வியாழன்

இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் வங்கிக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இது எனக்கும் சொந்தமான காசு. இரண்டு பரப்புச் செம்மண். எனக்கென்று சொன்ன காசு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். கோபமாகத்தான் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேனா? இல்லை. அதனால்தான் கேட்கவில்லையோ?

கையெழுத்துப் போட்டேன். கோயிலில் கட்டிவிட்டு வரும்போது பஸ்ஸில் அம்மா தானாகவே கதைத்தார்.

"பதினொரு தரம் பார்த்தன் அந்த வீடியோவை. பக்கத்து வீட்டு டிலக்ஷியின்ரை போனில. நீ காட்டாட்டி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

நான் கோயில் பற்றுச்சீட்டை இன்னொருதரம் மடித்தேன்.

"உன்ரை பெட்டியைச் சொன்னான், பொறுத்தன். எனக்கும் அது விசர் தான். அந்த மனுசனை என்னத்துக்குச் சொன்னவன்? சாகிற வரைக்கும் ஒருத்தரிட்டை ஒரு சொல்லு வாங்காத மனுசன்."

"அப்ப ஏன் என்னட்டைத் தெய்வம் நிண்டு கொல்லும் எண்டனீங்கள்?"

"நிண்டுது தானே" என்றார் அம்மா. "நீயும் தான் போய் நிண்டாய். உனக்கு வாய் வரேல்ல."

பஸ் தெல்லிப்பழையை நெருங்கும்போது கேட்டேன். "உண்மையாய்ச் சொல்லுங்கோ. நாலு லட்சத்துக்கு அது பெறுமதியோ?"

அம்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "புளி மாம்பழம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எண்டாலும் பெறும்" என்றார்.

ஜூலை 26

வீடியோவைக் காணவில்லை. சனலையும் காணவில்லை. றுஷ்தாவுக்கு மனக்குறை. இன்னும் எழுத இருந்ததாம்.

ஆகஸ்ட் 3

சென்ரரில் ஒரு ஐயா: "பிள்ளை, மாம்பழம் எடுத்த குணலட்சுமி அம்மாவின்ரை மகள் நீர் தானே?"

ஓம் என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்து இரண்டாம் நாள். தவணை முடிந்துவிட்டது. பெட்டி ஏழும் ஹோலில் இருக்கிறது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் தரகர் போன் எடுத்தார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். கனடாப் பகுதி ஞாயிற்றுக்கிழமை வர விரும்புகிறதாம். அதற்கு முதல் அந்த ஆறு லட்சத்தை ஒருக்கால் உறுதிப்படுத்தச் சொன்னார்களாம்.

"நாலு லட்சம் மாம்பழத்துக்குப் போயிட்டுது" என்றார் அம்மா. "மிச்சத்தில கிணத்துக்கு மோட்டர் போட்டிட்டன்."

அந்தப் பக்கம் தரகர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. "அப்ப அவையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, அம்மா?"

"பிள்ளை இருக்கு. ஹோல் நிறைய அவளின்ரை பெட்டியள் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாக்கிறதெண்டா வரச் சொல்லுங்கோ. ஒண்டை மட்டும் பாக்கிறவைக்கு இஞ்ச தேத்தண்ணி இல்லை."

நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்று ஒன்றும் காதில் விழாதவள் போலக் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறாராம்" என்றார் அம்மா. "யோசிக்கட்டும்."